வைரமும் சர் சி. வி. இராமனும்

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் சர் சி. வி. இராமன் அவர்களின் பெயரை அறியாத குழந்தை இருத்தல் அரிது. பள்ளிப் பாடநூலில் அவர் படம் இருக்கிறது. நகரின் கிழக்கே பெரியதொரு குடியிருப்புப் பகுதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மேக்ரி வட்டத்தின் அருகே, மரங்கள் சூழ்ந்த வளாகத்தில், அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் இன்றும் இயங்கி வருகிறது. ஆயினும் அவரைப் பற்றி நம்மவர் கூறுவன பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு முடிந்துவிடுகின்றன: 1928-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஓர் ஒளி விளைவைக் கண்டறிந்தார், 1930-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார்.

பரிசு பெற்ற பின்னர் அப்பெரியார் 40 ஆண்டுகள் வாழ்ந்தார். அவற்றுள் 37 ஆண்டுகள் இந்நகரிலேயே கழிந்தன. அக்காலத்தில் அவர் உள்ளத்தை நெடுநாள் ஆட்கொண்டிருந்த பொருள் வைரம். அடுப்பில் எரியும் கரியும், பென்சிலின் நடுவே உள்ள கருங்குச்சியும், மோதிரத்தில் ஒளிரும் வைரமும் அடிப்படையில் ஒரே தனிமத்தின் பல கோலங்களே என்பதை நாம் அறிவோம். அந்தக் கரியின் மிகத் தூய கோலத்தைக் கையிலெடுத்து, அதன் உள்ளமைப்பை ஒளியால் ஆராய முற்பட்ட வரலாறே அவருடைய பெங்களூர் வாழ்க்கையின் பெரும் பகுதியாகும். அதில் வெற்றியும் உண்டு, பிழையும் உண்டு. இரண்டையும் சேர்த்தே இந்த ஆண்டு விழா மலரில் நாம் சொல்ல விரும்புகிறோம்.

காவிரிக் கரையிலிருந்து கல்கத்தாவுக்கு

சந்திரசேகர வேங்கட இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளில் இராமன் இரண்டாமவர். தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தமையால், இளமையிலேயே இராமன் தெலுங்கு நாட்டில் வளர நேர்ந்தது. பிழைப்பின் பொருட்டு மொழி வேறுபட்ட ஊரில் குடியேறிய குடும்பம் எவ்வாறு வாழும் என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1904-ஆம் ஆண்டில் பி.ஏ. தேர்வில் முதல்வராகத் தேறிப் பௌதிகத்துக்கான தங்கப் பதக்கமும் பெற்றார். 1906-ஆம் ஆண்டில், மாணவராக இருக்கும்போதே, ஒளியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இலண்டன் நகரத்து ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. 1907-ஆம் ஆண்டில் எம்.ஏ. பட்டம், நிதித் துறைத் தேர்வில் வெற்றி, லோகசுந்தரி அம்மையாருடன் திருமணம் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன. விஞ்ஞானத்துக்கென ஊதியம் தருவார் இந்நாட்டில் மிகச் சிலரே இருந்த காலம் அது. ஆகவே கணக்குத் துறையில் உயர் அலுவலராகப் பணியேற்று, இளம் மனைவியாருடன் கல்கத்தா சென்றார்.

அங்கே பௌபஜார் வீதியில், மகேந்திரலால் சர்க்கார் 1876-ஆம் ஆண்டில் தோற்றுவித்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் இருந்தது. அதன் ஆய்வுக்கூடத்தில் கருவிகள் இருந்தன, பயன்படுத்துவார் அரியர். இராமன் காலையிலும் மாலையிலும் அங்கே ஆராய்ச்சி. நடுப்பகலில் அலுவலகத்தில் கணக்கு. இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் சிலகாலம் மாற்றப்பட்டது தவிர, பத்தாண்டுக் காலம் இவ்வாறே கழிந்தது. வீணை, வயலின், மிருதங்கம் ஆகியவற்றின் நாதத்தை அவர் ஆராய்ந்தது கல்கத்தாவில்தான். பெரும்பாலான தோற்கருவிகளில் எழாத இனிய சுருதி, மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பிய கரணையினால் எழுகிறது என்பதை அவர் பௌதிக முறைப்படி விளக்கினார். 1917-ஆம் ஆண்டில், அசுதோஷ் முகர்ஜி அவர்களின் விருப்பத்திற்கிணங்கி, நிறைந்த ஊதியம் தந்த அரசுப் பதவியைத் துறந்து, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் ஆனார்.

ஒளி செலுத்தும் சுங்கம்

1921-ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று திரும்புகையில் கடலின் நீல நிறம் அவர் சிந்தையை ஈர்த்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்து அந்நிறத்தைத் தருகின்றன என்று அவர் தெளிந்தார். அதிலிருந்து ஏழாண்டுகள் தொடர்ந்த ஆராய்ச்சியின் பயனாக, 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், இன்று அவர் பெயரால் வழங்கும் விளைவு வெளிப்பட்டது. அவ்வாராய்ச்சியில் அவருக்கு உற்ற துணையாக நின்றவர் கே. எஸ். கிருஷ்ணன் என்னும் இளைஞர். இவர் வத்திராயிருப்பில் பிறந்த தமிழர்.

விளைவு யாது? ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு பொருளின்மீது செலுத்தினால், சிதறிவரும் ஒளியில் பெரும்பகுதி அதே நிறத்தோடு வருகிறது. மிகச் சிறு பகுதி மட்டும் நிறம் மாறி வருகிறது. சாலையில் செல்லும் வண்டி சுங்கச் சாவடியில் வரி செலுத்திவிட்டுக் கை குறைந்து வெளிவருவது போல, அந்த ஒளி, பொருளின் அணுக்களை அதிரச் செய்வதில் தன் ஆற்றலில் ஒரு பங்கை இழந்து வருகிறது. ஒவ்வொரு பொருளும் தனக்கென வகுத்த அளவிலேயே இச்சுங்கத்தை வாங்கும். ஆதலால், இழந்த அளவைக் கணக்கிட்டால் ஒளி எப்பொருளின் வழியே வந்தது என்பதையும், அப்பொருளின் அணுக்கள் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதையும் அறியலாம். பொருளை உடைக்கவோ உருக்கவோ வேண்டுவதில்லை.

இக்கண்டுபிடிப்பைப் பற்றிய முதல் விரிவுரையை இராமன் நிகழ்த்திய ஊர் பெங்களூர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. 1928-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள், தென்னிந்திய விஞ்ஞானச் சங்கத்தின் சார்பில் இந்நகரில் நடந்த கூட்டத்தில் அவர் புதிய ஒளியைப் பற்றிப் பேசினார். அவ்வுரையே அச்சாகி உலகத்து அறிஞர்களுக்குச் சென்றது. ஐந்தாண்டுகளுக்குப் பின் அவர் இங்கேயே குடிபுகுவார் என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

பெங்களூர் வாசம்

1933-ஆம் ஆண்டில் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக இராமன் பெங்களூர் வந்தார். ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் எண்ணத்தால் எழுந்து, 1909-ஆம் ஆண்டில் தோன்றிய அக்கழகத்துக்கு அதுவரை இயக்குநராக இருந்தோர் யாவரும் ஆங்கிலேயர். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் இவரே. வந்தவுடன் அங்கே பௌதிகத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் இந்திய விஞ்ஞானப் பேரவையை நிறுவி, அதன் ஆராய்ச்சி இதழைத் திங்கள்தோறும் வெளிவரச் செய்தார். நம் நாட்டு ஆராய்ச்சி நம் நாட்டு இதழில் வெளிவந்து உலகோர் அதைத் தேடிப் படித்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

புகழ் மிக்கார் எல்லோரும் நிருவாகத்தில் வல்லவராதல் இல்லை. இராமன் வேகம் மிக்கவர். பிறர் மனத்தை நோக்கி நடக்கும் இயல்பு குறைந்தவர். பௌதிகத்துக்கு மிகுந்த பொருள் ஒதுக்கப்படுகிறது என்று பிற துறையினர் குறைகூறினர். விசாரணைக் குழு அமைந்தது. 1937-ஆம் ஆண்டில் இயக்குநர் பதவியை விட்டு விலகி, 1948 வரை பேராசிரியராக மட்டும் பணியாற்றினார்.

பெண்கல்வியைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியையும் நாம் மறைத்தல் முறையன்று. 1933-ஆம் ஆண்டில் கமலா பாகவத் என்னும் மாணவி கழகத்தில் ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தபோது, பெண் என்னும் காரணத்தால் இராமன் மறுத்தார். அம்மாணவி நேரில் வந்து வாதாடிய பின்னரே, ஓராண்டுச் சோதனைக் காலம் என்னும் நிபந்தனையோடு இடம் கிடைத்தது. அவர் திறமையைக் கண்ட பிறகு கழகத்தின் கதவு பெண்களுக்குத் திறந்தது. பின்னாளில் கமலா சோஹோனி என்று பெயர் பெற்ற அவ்வம்மையார் 1939-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார்.

கரியின் இரு கோலங்கள்

வைர ஆராய்ச்சிக்குள் புகுமுன் கரியின் இயல்பைச் சிறிது நோக்குவோம். வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு திசைகளில் நான்கு அணுக்களோடு இறுகப் பிணைந்திருக்கிறது. எத்திசையில் நோக்கினும் அதே கட்டு. ஆதலால் அது பொருள்களில் மிகக் கடியதாய், மின்சாரத்தைச் செலுத்தாததாய், ஒளி ஊடுருவுவதாய் விளங்குகிறது. பென்சில் கரியாகிய கிராபைட்டில் அணுக்கள் அறுகோணக் கட்டங்களாய் இணைந்து, ஏடு ஏடாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஏட்டுக்குள் பிணைப்பு வலிது. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே மெலிது. அதனால்தான் அது தாளில் வழுக்கி எழுதுகிறது, மின்சாரத்தையும் கடத்துகிறது.

கரியின் இவ்விரு கோலங்களையும் இரு தமிழர் பங்கிட்டுக்கொண்டது போல ஆராய்ந்தனர். கிராபைட்டை எடுத்துக்கொண்டவர் மேலே நாம் கூறிய கே. எஸ். கிருஷ்ணன். படிகங்களின் காந்த இயல்பு திசைக்குத் திசை வேறுபடுவதை அளப்பதில் அவர் நிகரற்றவர். ஏடுகளுக்குக் குறுக்கான திசையில் கிராபைட் பெரும் எதிர்க்காந்த இயல்பைக் காட்டுவதையும், ஏட்டினுள் எலெக்ட்ரான்கள் ஏறத்தாழத் தடையின்றி உலவுவதே அதன் காரணம் என்பதையும் அவர் தம் துணைவரோடு 1940-ஆம் ஆண்டையொட்டி விளக்கினார். 1947-ஆம் ஆண்டில் தில்லி தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1950-களின் தொடக்கத்தில் அங்கே ஹீலியம் வாயுவைத் திரவமாக்கும் இயந்திரம் அமைந்தது. சில பொருள்கள் கடுங்குளிரில் மின்தடையை அறவே இழந்துவிடும் மீக்கடத்தல் என்னும் நிலை, 1911-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டில் கண்டறியப்பட்டது. அத்தகைய குளிரைத் தரவல்லது திரவ ஹீலியமே. அந்த ஆராய்ச்சிக்கு இந்நாட்டில் வழி திறந்தோருள் கிருஷ்ணன் ஒருவர். அவர் 1961-ஆம் ஆண்டில் மறைந்தார். வைரத்தை எடுத்துக்கொண்டவர் ஆசிரியராகிய இராமன்.

வைரத்தின் ஒரே கோடு

1930-ஆம் ஆண்டிலேயே சி. இராமசாமி என்பார் வைரத்தின் இராமன் நிறமாலையைப் படம் பிடித்து, அதில் தெளிவான ஒரு கோட்டைக் கண்டிருந்தார். அலை எண் கணக்கில் அதன் அளவு 1332. வேறு பொருள்கள் பல கோடுகளைக் காட்ட, வைரமோ கூர்மையான ஒரே கோட்டைக் காட்டுகிறது. இரண்டு அணித்தொகுதிகளாக நிற்கும் கரி அணுக்கள், ஒன்றையொன்று எதிர்த்து அசையும் அதிர்வே இக்கோட்டின் பிறப்பிடம். இத்துணை எளிய அமைப்புடைய பொருளை முற்றும் அறிந்துவிட்டால், திடப்பொருள் யாவற்றின் இயல்பையும் அறியலாம் என்று இராமன் கருதினார்.

அவர் வைரங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அணிகலன் செய்வோர் விரும்பும் பெரிய கல் அவருக்கு வேண்டுவதன்று. தட்டையான துண்டு, மங்கலான துண்டு, நிறம் கலந்த துண்டு யாவும் அவருக்கு அரும்பொருள்கள். புறஊதாக் கதிரின் கீழ் வைத்தால் சில வைரங்கள் நீலமாய் ஒளிரும். சில மஞ்சள் கலந்த பச்சையாய் ஒளிரும். சில ஒளிராமலே கிடக்கும். சில வைரங்கள் புறஊதாக் கதிரைத் தம்முள் செல்லவிடும், பல செல்லவிடா. ஒரே தூய கரியில் இந்த வேறுபாடு எவ்வாறு வந்தது? இக்கேள்வி பெங்களூர் ஆய்வுக்கூடத்தை ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆட்டி வைத்தது.

நிலகண்டன் என்னும் மாணவரோடு 1940-ஆம் ஆண்டில் எக்ஸ்-கதிரைச் செலுத்தியபோது, வழக்கமான பிரதிபலிப்போடு எதிர்பாராத வேறு பிரதிபலிப்புகளும் வைரத்தில் தோன்றின. மின்பொறியியல் பயில வந்து, இராமனிடம் ஈர்க்கப்பட்டுப் பௌதிகத்துக்கு மாறிய ஜி. என். இராமச்சந்திரன், எக்ஸ்-கதிரைக் கொண்டு வைரத் துண்டின் உள்ளமைப்பைப் படமாகத் தீட்டினார். பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் புரதத்தின் மும்முறுக்கு வடிவத்தைக் கண்டு உலகப் புகழ் எய்திய அவருக்கு, முதற்பயிற்சி தந்த கற்களுள் வைரமும் ஒன்று. ஆர். எஸ். கிருஷ்ணன் என்பார் பாதரச விளக்கின் புறஊதா ஒளியைக் கொண்டு, அதுவரை எவரும் காணாத மிக மங்கிய இரண்டாம்படி நிறமாலையை வைரத்தில் கண்டார். 1944-ஆம் ஆண்டிலும் 1946-ஆம் ஆண்டிலும் பேரவையின் இதழில் வைரத்தைப் பற்றிய கட்டுரைகள் தொகுதியாக வெளிவந்தன.

இக்குழுவில் அன்னா மாணி என்னும் இளம்பெண்ணும் இருந்தார். திருவிதாங்கூர் மலைநாட்டுப் பீருமேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். 30-க்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வையும் நிறமாலையையும் அவர் பதிவு செய்தார். ஒரு படத்தட்டில் ஒளி பதிய 15 மணி முதல் 20 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆதலால் இரவுகளும் ஆய்வுக்கூடத்திலேயே கழிந்தன. 1942-க்கும் 1945-க்கும் இடையில் தனித்து ஐந்து கட்டுரைகளை எழுதினார். ஆயினும், எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்னும் காரணத்தால் அவருக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அம்மையார் மனம் தளராது வானிலைத் துறையில் சேர்ந்து, காற்று, வெயில், ஓசோன் ஆகியவற்றை அளக்கும் கருவிகளை இந்நாட்டிலேயே உருவாக்கிப் பெரும்புகழ் பெற்றார். அவர் எழுதிய ஆய்வேடு இராமன் நிலையத்து நூலகத்தில் இன்றும் இருக்கிறது.

மாக்ஸ் பார்னோடு நேர்ந்த வாதம்

இங்கே ஒரு முன்கதையைச் சொல்ல வேண்டும். ஹிட்லர் ஆட்சியால் 1933-ஆம் ஆண்டில் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்த பேரறிஞர் மாக்ஸ் பார்ன், இராமனின் அழைப்பை ஏற்று 1935-ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூர் வந்து, ஏறத்தாழ ஆறு மாதம் தங்கினார். அவரை இங்கேயே நிலையான பேராசிரியராக்க இராமன் பெரிதும் முயன்றார். கழகத்தின் கூட்டத்தில் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் பார்னை இகழ்ந்து பேசி எதிர்த்தார். முயற்சி கைகூடவில்லை. பார்ன் எடின்பரோவுக்குச் சென்றார். 1954-ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். நாடிழந்து வந்த அறிஞருக்கு இந்நகரில் ஓர் இடம் தேடிய இராமனின் உள்ளத்தை நாம் போற்றாதிருக்க இயலாது.

காலத்தின் விளையாட்டு, அந்த பார்னே வைரத்தைப் பற்றிய வாதத்தில் இராமனுக்கு எதிர்நின்றார். வாதத்தை நமக்குப் பழக்கமான சங்கீதத்தைக் கொண்டு விளக்கலாம். திடப்பொருளின் அணுக்கள் ஓயாது அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அவ்வதிர்வுகள் ஏழு சுரங்கள் போல எண்ணிச் சொல்லத்தக்க சில மட்டுமே என்றார் இராமன். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே இழையும் கமகம் போல, இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லும் எண்ணிலா அதிர்வுகள் உள என்றார் பார்ன். ஆர். எஸ். கிருஷ்ணன் கண்ட இரண்டாம்படி நிறமாலையில் கூரிய முனைகள் தோன்றின. அவற்றைத் தம் கொள்கைக்குச் சான்றாக இராமன் உயர்த்திக் காட்டினார்.

பார்னின் மாணவி ஹெலன் ஸ்மித், 1948-ஆம் ஆண்டில், தொடர்ந்து செல்லும் அதிர்வுக் கொள்கையிலிருந்தே அந்நிறமாலையைப் பெரும்பாலும் கணக்கிட்டுக் காட்டினார். 1953-ஆம் ஆண்டில் வான் ஹோவ் என்னும் அறிஞர் கூரிய முனைகளின் காரணத்தைத் தெளிவாக்கினார். ஊஞ்சல் தொடர்ந்தே ஆடினாலும், இரு முனைகளிலும் திரும்பும் இடத்தில் சற்றே தயங்கி நிற்கிறதன்றோ? அதுபோல், தொடரில் சில இடங்களில் அதிர்வுகள் நெருங்கிக் குவிவதால் அங்கே முனை தோன்றுகிறது. 1960-களில் நியூட்ரான் துகள்களைக் கொண்டு வைரத்தின் அதிர்வுகளை நேராக அளந்தபோது, பார்னின் கொள்கையே உறுதிப்பட்டது. வைரங்களின் வகை வேற்றுமைக்கும் இராமன் கூறிய காரணம் நிலைக்கவில்லை. கரி அணுக்களின் அமைப்பிலேயே நான்கு வகை உண்டு என்று அவர் கூறியிருந்தார். பெரும்பாலான வைரங்களில் நைட்ரஜன் சிறிதளவு கலந்திருப்பதே முதற்காரணம் என்பதை 1959-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பணியாற்றிய ஆராய்ச்சியாளர் இருவர் கண்டறிந்தனர்.

இராமன் தம் கொள்கையை இறுதிவரை விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் அவருடைய மாணவர் சிலரும் உலக ஆராய்ச்சியின் பெருநெறியிலிருந்து சிலகாலம் ஒதுங்கி நிற்க நேர்ந்தது. இதனை நாம் மறைத்துப் புகழ்பாடினால், அவருக்கே பிழை செய்தவர் ஆவோம். அவரது கொள்கை வீழ்ந்ததேயன்றி, அவர் கூடத்தில் எடுத்த படங்கள் வீழவில்லை. அங்கே பதிவான நிறமாலை, எதிர்க்கட்சியினரும் தம் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளும் உரைகல்லாக நின்றது. நேர்மையாக அளந்து வைத்த அளவு, அளந்தவருடைய கருத்தையும் கடந்து வாழும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்குத் தெரியவில்லை.

தம் கையால் எழுப்பிய நிலையம்

1934-ஆம் ஆண்டில் மைசூர் அரசினர் விஞ்ஞானப் பேரவைக்கு அளித்த நிலத்தில், இராமன் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை எழுப்பினார். கழகத்துப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1948-ஆம் ஆண்டில் அது தொடங்கப்பெற்றது. நன்கொடை வேண்டி ஊர் ஊராகச் சென்றார். முன்னாள் மாணவர் ஒருவரோடு சேர்ந்து தொடங்கிய இரசாயனத் தொழிலின் வருவாயும் உதவியது. அரசின் பொருளை ஏற்றால் அரசின் கட்டளையையும் ஏற்க நேரும் என்று அஞ்சி, அதனை நாடாதிருந்தார். மின்சார வசதி வந்து சேருமுன்னரே, கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பி அறைக்குள் செலுத்தி ஆராய்ச்சியைத் தொடங்கினார் என்பர். ஒளியை ஆராய்வோனுக்குச் சூரியனே விளக்காக அமைந்தது பொருத்தமே.

மணிகளும் தாதுக்களும் சங்குகளும் வண்ணத்துப் பூச்சிகளும் நிறைந்த காட்சிச்சாலையையும் அங்கே அமைத்தார். பள்ளிச் சிறுவர் வந்தால், தாமே உடன் நடந்து காட்டி மகிழ்வார். மலர்களின் நிறம், கண் பார்க்கும் முறை என்று முதுமையிலும் புதிய பொருள்களை ஆராய்ந்தார். தோட்டத்து ரோஜாவும் அவருக்கு ஆய்வுப் பொருளே. மல்லேசுவரத்தில் பஞ்சவடி என்னும் அவரது இல்லமும் மரங்களால் சூழப்பட்டிருந்தது. 1954-ஆம் ஆண்டில் பாரத ரத்னா விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, இராஜாஜி, இராதாகிருஷ்ணன் ஆகியோரோடு இராமனும் அதனைப் பெற்றார்.

நிலையத்தில் அவரோடு பணியாற்றிய இளைஞருள் பஞ்சரத்தினம் என்பவரை இங்கே குறிப்பிடல் தகும். இராமனின் உறவினராகிய அவர், படிகங்களின் வழியே ஒளி செல்லும் முறையை ஆராய்ந்து, 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட கருத்து முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் உலகெங்கும் கொண்டாடப்பட்டது. ஆசிரியரிடம் பிடிவாதத்தைக் கண்ட கூடத்திலேயே, இத்தகைய நுண்ணறிவும் தழைத்தது.

மறைவும் அதன் பின்னும்

1970-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 21-ஆம் நாள் விடியற்காலையில், தம் நிலையத்து வளாகத்திலேயே இராமன் காலமானார். அவர் விரும்பியவாறு ஆரவாரமின்றி, அங்கேயே தோட்டத்தில் அவர் உடல் தகனம் செய்யப்பட்டது. அவ்விடத்தில் மண்டபமோ சிலையோ எழவில்லை. ஒரு மரம் நடப்பட்டது. 1972-ஆம் ஆண்டில் நிலையம் மத்திய அரசின் பொருளுதவியோடு புதிய அமைப்பைப் பெற்றது. பிப்ரவரி 28-ஆம் நாள் 1987 முதல் தேசிய விஞ்ஞான நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அவர் மறைந்த அதே 1970-ஆம் ஆண்டில், டுயின்ஸ்ட்ரா, கோனிக் என்னும் இருவர் கிராபைட்டின் இராமன் நிறமாலையைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். வைரத்துக்கு 1332 எனில், கிராபைட்டுக்கு ஏறத்தாழ 1580 என்பது அடையாளம். அன்று தொடங்கிய நெறி இன்று பெருவழியாகிவிட்டது. 1985-ஆம் ஆண்டில் 60 கரி அணுக்கள் பந்துபோல் அமைந்த மூலக்கூறு காணப்பட்டது. பின்னர்க் கரிக் குழாய்களும், ஓரணுத் தடிமனே உள்ள கிராபீன் ஏடும் வந்தன. இவற்றுள் எதனை ஒருவர் கையில் எடுத்தாலும், அது எது, எத்தனை ஏடுகள் கொண்டது, பழுதுற்றதா என்றறிய முதலில் நாடுவது இராமன் விளைவையே. செயற்கை வைரத்தைச் சோதிப்போரும் 1332 என்னும் அக்கோட்டையே தேடுகின்றனர்.

மற்றொன்றும் கேட்டால் வியப்புத் தோன்றும். மின்சாரத்தைச் செலுத்தாப் பொருள் என்று நாம் மேலே கூறிய வைரத்தில் போரான் என்னும் தனிமத்தை மிகுதியாகக் கலந்தால், அது மின்கடத்தியாகிறது. 2004-ஆம் ஆண்டில், அத்தகைய வைரம் சுமார் 4 கெல்வின் குளிரில் மின்தடையை அறவே இழந்து மீக்கடத்தியாவதை ரஷ்ய அறிஞர்களும் அமெரிக்க அறிஞர்களும் கண்டறிந்தனர். இராமன் ஆராய்ந்த வைரமும், கிருஷ்ணன் வழிதிறந்த கடுங்குளிர்த் துறையும் ஒரே பொருளில் ஒன்று கூடின. இருவரும் இதனைக் காண உயிரோடில்லை.

நிற்க. சங்கத்து அன்பர்கள் தம் மக்களோடு ஒருமுறை இராமன் நிலையத்தின் வழியே செல்லும்போது, இவ்வரலாற்றை முழுமையாகச் சொல்லுதல் வேண்டும் என்பது நம் வேண்டுகோள். திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர் விசாகப்பட்டினத்தில் வளர்ந்து, கல்கத்தாவில் புகழ் ஈட்டி, கன்னட நாட்டுத் தலைநகரில் குடியமர்ந்து, அந்நகருக்கு ஒரு பேரவையையும், ஒரு நிலையத்தையும், ஒரு மாணவர் பரம்பரையையும் தந்து சென்றார் என்று சொல்லுவோம். அவர் வாதத்தில் பிழைபட்டார் என்பதையும் சொல்லுவோம். பெரியோர் பிழைபடுவதில்லை என்று நினைக்கும் பிள்ளை, தன் முதற்பிழையிலேயே சோர்ந்துவிடும். பெரியோரும் பிழைபடுவர், எனினும் அவர் நேர்மையாய் உழைத்துப் பதித்த வேலை நிற்கும் என்று அறிந்த பிள்ளை, ஆய்வுக்கூடத்துக்குள் அஞ்சாமல் நுழையும். அவ்வாறு நுழையும் பிள்ளைகளுள் நம் காலனிப் பிள்ளைகளும் பலராகுக. வைரத்தை ஒளியால் ஆராய்ந்த அப்பேராசானின் புகழ் வைரமென நின்று ஒளிர்க!